பிள்ளைப் பெரட்டு

சென்ற மாதம் ஒரு பகல் வேளை, சோறு வடிக்கும் பதத்தில் கொதித்துக்கொண்டிருந்தபோது தேயிலைத் தோட்டத்திலிருந்து போன் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு மருத்துவிச்சியாக வந்திருக்கும் லோஜினிதான். அவள் பேசினால் முதலில் என் சுகம், பிறகு என் முழங்கால் வலியின் சுகம், பிறகு பக்கத்து வீட்டு நாயின் சுகம் என்று வரிசையாக விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவாள். அன்று எடுத்த எடுப்பிலேயே விஷயம்.

"மிஸ்ஸி, புள்ள லீவுக்கு ரெண்டு பேரு ஒரே புள்ளையோட போட்டோவ அனுப்பியிருக்காங்க. ஆபீஸ்ல என்னையப் புடிச்சிக் கேக்குறாங்க. நான் என்னா சொல்றது?"

இப்போதெல்லாம் பிள்ளை பெற்றவளுக்குச் சம்பளத்தோடு லீவு பாஸாக வேண்டுமென்றால், பிள்ளையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் ஆபீஸுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் இரண்டிலிருந்து இரண்டு தாய்மார் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டிலும் அதே மஞ்சள் குல்லா, அதே பூப்போட்ட துவாய், அதே கொட்டாவி. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் சோறு குழைந்துபோனது.

"சிரிக்காதீங்க மிஸ்ஸி. எனக்கு அழுவாச்சியா வருது."

"உன்னயப் பாத்துச் சிரிக்கலம்மா. இதே மாதிரி எனக்கும் ஒண்ணு நடந்துச்சு."

"அப்ப அதச் சொல்லுங்க."

சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவளுடைய போனில் காசு முடிந்துவிட்டது. மீதியை எழுதித்தான் ஆகவேண்டும் போலிருக்கிறது.

வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி, பஸ் போகிற மட்டும் பஸ்ஸிலும் அதற்குமேல் காலாலும் ஏறினால் வருகிற ஒரு தோட்டத்தில் நான் மருத்துவிச்சியாக இருந்தேன். தாதிமாரை எங்கள் பக்கத்தில் மிஸ்ஸி என்பார்கள். சின்னப் பிள்ளையிலிருந்து தோட்டத்துத் தொரைவரை எனக்கு அதுதான் பெயர். பிறப்புச் சான்றிதழில் வேறொன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் இன்றும் எனக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றாது.

கண்டியில் பயிற்சி எடுத்த காலத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. ரப்பர் பொம்மை ஒன்றை வைத்துப் பிரசவம் பார்க்கக் கற்றுத் தந்தார்கள். பொம்மை சமர்த்து. சொன்ன நேரத்தில் பிறக்கும், கழுவி மேசையில் வைத்தால் வைத்தபடி கிடக்கும். அதற்கு மாமியார் இல்லை, தோட்டத்து ஆபீஸும் இல்லை. அந்த இரண்டைப் பற்றியும் எந்த வகுப்பிலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலையில் சேர்ந்த பிறகுதான், பிரசவம் பார்ப்பது பாதி வேலை, பிள்ளை பிறந்ததை ஆபீஸுக்கு நம்ப வைப்பது மீதி வேலை என்று தெரிந்துகொண்டேன்.

சட்டம் என்னவோ நேராகத்தான் இருக்கிறது. போதிய நாள் வேலை செய்திருக்க வேண்டும், பிள்ளை வரப்போவதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், பிறந்த பிறகு அதை நிரூபிக்க வேண்டும். அப்படிச் செய்தவளுக்குச் சம்பளத்தோடு லீவு. இதில் யாரும் யாருக்கும் தர்மம் செய்யவில்லை. ஆனால் அறிவிப்பதிலேயே சிக்கல் தொடங்கிவிடும். உண்டாகியிருப்பதை ஐந்து மாதம் முடியும் முன் வாய்விட்டுச் சொன்னால் கண்ணுபடும் என்பது எங்கள் மலையில் எல்லா லயத்துக்கும் பொதுவான நம்பிக்கை. ஆகவே அவர்கள் சொல்லாமலே சொல்வார்கள். டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றுகொண்டு, "தேத்தண்ணியக் கண்டாலே ஆக மாட்டேங்குது மிஸ்ஸி" என்பார்கள். தேயிலை மலையில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தேத்தண்ணி ஆகவில்லை என்றால் அதற்கு ஒரே காரணம்தான். நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொள்வேன்.

அப்பன்மாருக்குத் தோட்டத்தில் அப்படி லீவு எதுவும் கிடையாது. அதனால் பெண்டாட்டிக்கு வலி எடுத்தால் புருஷனுக்கும் எங்கேயாவது வலி எடுக்கும். பேக்டரியில் வேலை செய்த கணேசன் முதல் பிள்ளைக்குப் பல்வலி என்று என்னிடம் துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். இரண்டாவது பிள்ளைக்கும் பல்வலி, இந்த முறை மறுபக்கம். மூன்றாவதுக்கு வந்தவன் தலையைச் சொறிந்துகொண்டு, "இந்தத் தடவ வயிறுன்னு போடுங்க மிஸ்ஸி, பல்லெல்லாம் முடிஞ்சிருச்சு" என்றான். போட்டுக் கொடுத்தேன். பிள்ளையைப் பார்க்கப் போகிறவனுக்கு வயிறு எப்படி இருந்தால் எனக்கென்ன.

இனிப் பெரிய கிளாக்கர். நடேசன் என்று பெயர். ஆபீஸில் தொரைக்கு அடுத்தபடி அவர்தான் என்பார்கள். தொரைமார் வருவார்கள், போவார்கள். இவர் போகமாட்டார். உண்மையில் அவருக்கு அடுத்தபடிதான் தொரை. காலையில் வந்ததும் கைக்குட்டையை விரித்து நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்காருவார். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். தொரையின் ஜீப் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து நிற்பார். தொழிற்சங்கத் தலைவருக்கு எழுந்ததில்லை, திருவிழா வசூலுக்கு வந்த பூசாரிக்கு எழுந்ததில்லை. ஒருமுறை ஆபீஸுக்குள் பாம்பு வந்தபோது காலை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டார்.

எதற்கும் அவருக்கு ஆதாரம் வேண்டும். வெளியே மழை என்று யாராவது சொன்னால் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, நனைந்த கையைப் பார்த்துவிட்டுத்தான் "ஆமா" என்பார். கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டவரிடம், "கட்டினா நல்லா இருக்கும்ங்கிறதுக்கு என்ன ஆதாரம்?" என்றாராம். இதை நான் நேரில் கேட்டதில்லை, ஆகவே எனக்கும் ஆதாரமில்லை. ஆனால் மனுஷன் கெட்டவர் இல்லை. ஒரு நாள் வேலையைத் தோட்டத்தில் ஒரு பேர் என்போம். காலையில் பெரட்டுக்களத்தில் வந்து வரிசையில் நின்று வேலைக்குப் போனால் பேர் விழும், வேலை குறைந்தால் அரைப்பேர். அவர் காலத்தில் வேலை செய்த யாருக்கும் பேர் விழாமல் போனதில்லை. அதை அவருடைய எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள்.

அந்த வருஷம் கொழும்பிலிருந்து ஓடிட்டர்மார் வந்தார்கள். பிள்ளை லீவுக் கணக்கைப் புரட்டிவிட்டு, "இத்தனை பிள்ளைகளையும் ஆபீஸில் யார் பார்த்தது?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பெரிய கிளாக்கருக்கு அது முள்ளாய்த் தைத்துவிட்டது. என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"நான் பாத்தேனே. நான் பாக்காம எப்பிடி வெளிய வரும்?" என்றேன்.

"உங்கள நான் நம்புறேன் மிஸ்ஸி. கொழும்புக்காரங்க நம்பணுமே. பொறப்புச் சான்றிதழ் இருந்தாலும் பரவாயில்ல."

"முப்பது கழிஞ்சி பேரு வச்ச பொறகுதான் பதியப் போவாங்க. அதுக்குள்ள சம்பளம் வந்திருமே."

"அதத்தான் சொல்றேன். அதுக்கு முந்தி ஆபீஸ்ல ஒருத்தர் கண்ணால பாக்கணும். இனிமே புள்ளைய இங்க கொண்டாந்து காட்டினாத்தான் லீவு பாஸாகும்."

"தீட்டுல பொம்பள வெளிய வர மாட்டாங்களே."

"அம்மா வர வேணாம். புள்ள மட்டும் வந்தாப் போதும்."

"அது தனியா நடந்து வராதுங்க."

"யாராச்சும் தூக்கிட்டு வரட்டும்" என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

முப்பது நாள் தீட்டு என்பது எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயமில்லை. அது கழியும்வரை தாய் தன் லயத்து அறையான காம்பராவை விட்டு வரமாட்டாள், பிள்ளை வாசல் தாண்டாது, ஆண்கள் உள்ளே வரக்கூடாது. படித்தவள்தானே, இதையெல்லாம் நீ மாற்றக்கூடாதா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. வருஷம் முழுக்க மலை ஏறுகிற பெண்ணை ஒரு மாதம் படுத்திருக்க விடுகிற வழக்கம் இது ஒன்றுதான். அதில் கை வைக்க எனக்கு என்ன பைத்தியமா?

ஆக, ஆபீஸ் பிள்ளையைக் கேட்கிறது, வழக்கம் பிள்ளையை விடாது. இதற்குத் தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கு லயத்துப் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அது அவர்களுக்கு ஒரு பெரிய யோசனையாகக்கூடத் தோன்றியிருக்காது. சீனி தீர்ந்தால் பக்கத்துக் காம்பராவில் கைமாற்று வாங்குகிறோம். கூப்பனுக்குக் கிடைக்கும் மா, மண்ணெண்ணெய், கல்யாணத்துக்குப் போகச் சேலை, எல்லாம் கைமாற்றுத்தான். அந்தக் கணக்கில், கேட்ட நேரத்தில் காட்டுவதற்கு ஒரு பிள்ளை.

முதல் முறை நடந்தபோது எனக்குத் தெரியாது. ஒரு மாமியார் பிள்ளையைத் துவாயில் சுற்றிக் கொண்டுபோய் மேசைக்கு மேலே நீட்டியிருக்கிறாள். பெரிய கிளாக்கர் பிள்ளையைப் பார்த்தார், பிள்ளை அவரைப் பார்த்தது. லீவு பாஸாகிவிட்டது. கொஞ்ச நாள் கழித்து இன்னொரு வீட்டிலிருந்து இன்னொரு பிள்ளை. அதுவும் பாஸ். மூன்றாவது முறைதான் ஆபீஸ் பொடியன் டிஸ்பென்சரிக்கு ஓடிவந்து, "பெரிய கிளாக்கர் ஒடனே வரச் சொன்னாரு" என்றான்.

போய்ப் பார்த்தால், மேசைக்கு முன்னால் அழகம்மா நிற்கிறாள். பேக்டரியில் வேலை செய்பவள், ஆளும் குரலும் ஒன்றுக்கொன்று குறையாதவை. அவளுடைய மருமகள் யோகத்துக்குத்தான் பத்து நாளைக்கு முன்னால் பிள்ளை பிறந்திருந்தது. அழகம்மாவின் கையில் ஒரு பிள்ளை. அது பெரிய கிளாக்கரைப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டித் தாவியது. எட்டியதும் அவர் காதிலிருந்த பென்சிலைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டது.

"மிஸ்ஸி, இது பொறந்து எத்தன நாளுன்னு கேளுங்க" என்றார்.

"பத்து நாளுங்க" என்றாள் அழகம்மா, என்னைப் பார்க்காமல்.

"பத்து நாளு. பல்லு ரெண்டு."

"எங்க வழியில சீக்கிரமே மொளைக்கும்ங்கய்யா."

"என்னைய அடையாளம் தெரியுது இதுக்கு."

"ஐயாவ யாருக்குத்தான் தெரியாது."

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அது வசந்தாவின் மகள் சுபா. அழகம்மா வீட்டுக்கு நாலாவது காம்பரா. தடுப்பூசி போட்டபோது என்னை உதைத்த உதை இன்னும் ஞாபகமிருந்தது. பெரிய கிளாக்கர் குரலைத் தாழ்த்தினார். "போன தடவயும் இதே மாதிரி என் பென்சிலப் புடிச்சி இழுத்துச்சு மிஸ்ஸி. அதுக்கு முந்தின தடவ என்னையப் பாத்து மொறைச்சுச்சு. மூணு தடவயும் இதே புள்ளதான்." கோபத்தைவிட அவர் முகத்தில் வேறு என்னவோ இருந்தது. தன்னைப் பார்த்துத் தாவிவருகிற ஒரே ஜீவன் மோசடியில் சம்பந்தப்பட்டிருக்கிறதே என்ற வருத்தம் என்று நினைக்கிறேன்.

அழகம்மா மறைக்கவில்லை. "ஒரு புள்ளையக் காட்டணும்னு சொன்னீங்க, காட்டினோம். பச்சப் புள்ளையத் தீட்டோட இந்தக் குளுருல தூக்கியாற முடியுங்களா? அதான் வசந்தாகிட்டக் கைமாத்தா வாங்கினது. வீட்டுல எங்க புள்ள இருக்குங்கய்யா."

"காட்டுறதுக்குச் சொந்தப் புள்ள இருந்தா அடுத்த வீட்டுப் புள்ள எதுக்கு?" என்று கேட்டார் பெரிய கிளாக்கர். பென்சிலைச் சுபாவின் வாயிலிருந்து மெல்ல இழுத்துத் துடைத்து, யோகத்தின் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார். முன்னால் பாஸான இரண்டு பிள்ளைகளும் அதற்குள் முப்பது கழிந்து கோயிலுக்கே வந்துவிட்டிருந்தன, அவற்றைப் பற்றிப் பேச்சில்லை. மாட்டிக்கொண்டது யோகம்தான். அவள் லீவு பாஸாகாது. அப்படியென்றால் அவள் உடனே கொழுந்து பறிக்க மலைக்கு வரவேண்டும். வராவிட்டால் பேர் விழாது, சம்பளமில்லை. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் பச்சைப் பிள்ளையை எடுக்கமாட்டார்கள். புருஷன் கொழும்பில் கடையில் வேலை, மாமியார் பேக்டரியில். பிறந்து பத்து நாளான பிள்ளையை அவள் எங்கே வைத்துவிட்டுப் போவாள்?

அன்று பின்னேரமே மேல்கணக்குக்கு ஏறினேன். காம்பரா வாசலில் கம்பளித் திரை, உள்ளே சாம்பிராணிப் புகை. யோகம் பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. அதற்காக அவள் போகாத கோயிலில்லை, என்னிடம் கேட்காத கேள்வியில்லை. தேத்தண்ணி ஆகவில்லை என்று சொல்ல ஒருநாள் டிஸ்பென்சரிக்கு வந்தவள், சொல்ல முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். ஆபீஸில் நடந்ததைச் சொன்னேன். அவள் துணியை மடித்து முடித்துவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினாள்.

"எட்டு வருஷமா ஊரே கேட்டுச்சு மிஸ்ஸி, எங்கடி புள்ளன்னு. இப்பப் பெத்ததுக்கப்புறமும் கேக்குறாங்களே."

எனக்குக் கோபம் வந்தது. ஓடிட்டர்மேல், பெரிய கிளாக்கர்மேல், அழகம்மாமேல், பல் முளைத்த சுபாவின் மேல்கூட.

மறுநாள் காலை ஆபீஸுக்குப் போய் அவர் மேசைக்கு முன்னால் நின்றேன். "ஆதாரம் மலைமேல இருக்கு. அது கீழ வராது. நீங்கதான் மேல வரணும்" என்றேன்.

"நானா?"

"ஆபீஸ்ல ஒருத்தர் கண்ணால பாக்கணும்னு நீங்கதான சொன்னீங்க."

அவர் யோசித்தார். தன்னுடைய வார்த்தையையே யாராவது ஆதாரமாகக் காட்டினால் அவரால் தட்ட முடியாது. ஆனாலும் பகல் சாப்பாட்டு நேரம் வந்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தார். எனக்காக எழுந்தார் என்று ஒரு பேச்சு வந்துவிடக்கூடாதல்லவா?

பளபளத்த சப்பாத்தும் குடையுமாக அவர் தேயிலைக்குள்ளே ஏறி வந்த காட்சியை சாப்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள். பாதி வழியில், "காலுல அட்ட ஏறியிருக்குங்க" என்றேன். "எங்க?" என்று காற்சட்டையை உயர்த்தி, அட்டையை நேரில் பார்த்து, திருப்திப்பட்ட பிறகுதான் அதை எடுத்துப் போட்டார்.

லயத்துக்கு எங்களுக்கு முன்னாலேயே செய்தி போய்விட்டது. அழகம்மா காம்பரா வாசலில் விளக்குமாற்றோடு நின்றாள்.

"ஆம்பளைங்க வரக்கூடாதுங்கய்யா. எம் மவனே வந்தாலும் வெளியதான் நிக்கணும்."

"நான் ஆம்பளையா வரல. ஆபீஸா வந்திருக்கேன்."

"ஆபீஸும் வெளியதான் நிக்கணும்."

பெரிய கிளாக்கர் என்னைப் பார்த்தார். நான் மேகத்தைப் பார்த்தேன். கடைசியில் அவரே இறங்கிவந்தார். "சரி. பாக்க வேணாம். அழுற சத்தம் காதுல விழுந்தாப் போதும்."

நான் உள்ளே போனேன். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. ஆயிரம் பிள்ளை பார்த்தவள் நான், இப்படி ஒரு தூங்குமூஞ்சியைப் பார்த்ததில்லை. பால் குடிக்கும்போது தூங்கும், குளிப்பாட்டும்போது தூங்கும். "எழுப்பட்டுமா மிஸ்ஸி?" என்றாள் யோகம். "உள்ளங்காலச் சுண்டி விடுங்க" என்று வெளியிலிருந்து அழகம்மா குரல் கொடுத்தாள். மாட்டேன் என்றேன். பிறந்து பதினோரு நாளான ஒரு ஜீவனை ஆபீஸுக்காகச் சுண்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. நேரம் போனது. தட்டு ஒன்று விழுந்தது, யார் தள்ளிவிட்டார்களோ. நாய் குரைத்தது. பிள்ளை வாயை ஒருமுறை சப்புக்கொட்டிவிட்டு மறுபடி தூங்கியது.

அப்போது ஒரு பிள்ளை வீல் என்று கத்தியது. "இந்தா, கேட்டுச்சுங்களா?" என்று அழகம்மா துள்ளினாள்.

"கேட்டுச்சு. எந்தக் காம்பரா?"

அது நியாயமான கேள்விதான். லயத்துச் சுவர்கள் கூரைவரை போவதில்லை. ஒரு முனையில் தும்மினால் மறுமுனையில் நூறு வயசு என்பார்கள். அதிலும் கைமாற்றுக்குப் பேர்போன லயம். பெரிய கிளாக்கர் குடையை ஊன்றிக்கொண்டு சற்று யோசித்துவிட்டு உத்தரவு போட்டார்.

"லயத்துல இருக்கிற கைப்புள்ளை எல்லாத்தயும் வெளிய கொண்டாங்க. இந்தக் காம்பராவுல ஒண்ணு மட்டும் இருக்கட்டும். அப்பறம் உள்ளாற சத்தம் வந்தா அது இதுதான்."

பகல் சாப்பாட்டுக்குப் பெண்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்திருந்த நேரம். ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். யாரும் சொல்லவில்லை, பழக்கம் விடுமா, காலைப் பெரட்டில் நிற்பதைப்போலவே நேராக வரிசையில் நின்றார்கள். அவரும் பழக்கத்தில் வரிசைக்கு முன்னால் நடந்து பேர் கூப்பிட்டார். கூப்பிட்டவள் "இருக்குங்க" என்று பிள்ளையை உயர்த்திக் காட்டினாள். நான் திரை இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருத்தி தன் இடுப்புவரை வளர்ந்த பையனைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"இது கைப்புள்ளையா?"

"தூக்கிக்கிட்டுத்தான நிக்கிறேன்?"

தூறல் விழுந்தது. ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது, அதைப் பார்த்து அடுத்தது, பிறகு வரிசை முழுவதும். "சத்தம் போடக்கூடாது" என்று பெரிய கிளாக்கர் பிள்ளைகளைப் பார்த்து அதட்டினார். பெரட்டில் அவர் பேச்சை யாரும் கேட்காமல் போனது அன்றுதான் முதல் தடவை. சுபா மட்டும் அழவில்லை. அவரைக் கண்டதும் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வசந்தாவின் இடுப்பிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது.

"கொஞ்சம் புடிங்கய்யா. அதுக்கு உங்களத்தான் புடிக்குது" என்று வசந்தா அதை அவர் கையில் திணித்துவிட்டாள்.

பிடித்தார். பிடிக்கக் குடையைக் கைவிட வேண்டியதாயிற்று. குடை வாசலில் உருண்டு உருண்டு சரிவில் போனது. அழுதுகொண்டிருந்த பிள்ளைகளெல்லாம் வாயைத் திறந்தபடியே அதைப் பார்த்தன. சுபா அவர் காதைப் பிடித்துக்கொண்டு தானும் பார்த்தது. பெண்களும் மூச்சுவிடவில்லை, பெரிய கிளாக்கர் பிள்ளை தூக்கியிருப்பதை யார் கண்டார்கள்? என் சேவையில் அந்த லயம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

அந்த அமைதிதான் உள்ளே கிடந்ததை எழுப்பியது. வயிற்றில் இருந்த நாளிலிருந்து லயத்துச் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய பிள்ளை. திடீரென்று எல்லாம் நின்றுபோனதில் பயந்துவிட்டது போலிருக்கிறது. கண்ணைத் திறந்தது. முகத்தைச் சுருக்கியது. முதலில் மெல்ல ஒரு முனகல், பிறகு கூரைத் தகரம் அதிர ஒரு கத்தல். எத்தனையோ பிள்ளைகளின் முதல் அழுகையைக் கேட்டிருக்கிறேன். எதற்கும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

யோகம் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். திரையைப் பார்த்துக் கேட்டாள்.

"கேக்குதுங்களாய்யா?"

வெளியிலிருந்து பெரிய கிளாக்கரின் குரல் வந்தது.

"கேக்குதும்மா." பிறகு, "நல்லாக் கேக்குது" என்றார்.

நான் வெளியே வந்தபோது அவர் சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. அது தூறல் இல்லை, சுபாதான். அவர் அதை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிச் சரிபார்க்க அவசியமிருக்கவில்லை. ஒரு கையால் பென்சிலை எடுத்து, "யோகத்துக்குப் பேரு போட்டாச்சு, லீவு பாஸ்" என்றார்.

"அப்ப எம் புள்ளைக்கும் பேரு போடுங்கய்யா, மூணு நாளு ஆபீஸுக்கு வந்திருக்கு" என்றாள் வசந்தா.

அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றும் சிரித்தார் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். "அரைப்பேருதான். வேலைக்கு எடஞ்சல் பண்ணுச்சு" என்று சொல்லிவிட்டுச் சுபாவைத் திருப்பிக் கொடுத்தார். கொடுப்பதற்கு அவசரப்படவில்லை.

அதற்குப் பிறகு பிள்ளை ஆபீஸுக்குப் போகவேண்டியதில்லை என்று ஆயிற்று. மாதத்தில் ஒருநாள் பெரிய கிளாக்கர் குடையோடு மேலே வருவார். வாசலில் நின்று காதைக் கொடுப்பார். பெண்கள் அதைப் பிள்ளைப் பெரட்டு என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவர் காற்சட்டைப் பையில் ஒரு பிஸ்கட் பைக்கற் இருக்கும். அது யாருக்கு என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்கமாட்டார்கள்.

லோஜினி மறுபடி பேசியபோது நான் சொன்னதும் இதைத்தான். போனில் பார்க்காதே, ஏறிப் போய்ப் பார். போனாள். இரண்டு வீட்டிலும் இரண்டு பிள்ளைகள், இரண்டும் நல்ல சுகம். முப்பது கழியாத பிள்ளையைப் படம் பிடித்தால் கண்ணுபடும் என்று, மூன்றாவது வீட்டுப் பிள்ளையின் படத்தைக் கைமாற்று வாங்கி இருவரும் அனுப்பியிருக்கிறார்கள். "மிஸ்ஸி, இவுங்கள என்னா செய்யிறது?" என்று கேட்டாள். "பாஸ் பண்றது" என்றேன்.

யோகத்தைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. முப்பது கழிந்து, பிள்ளைக்குப் பேர் வைத்த மறுநாள், நான் ஏதோ மருந்துக் கணக்கு விஷயமாக ஆபீஸில் நின்றுகொண்டிருந்தேன். கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, பிள்ளையைப் புதுத் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு அவள் வந்தாள். அவ்வளவு தூரமும் இறங்கி நடந்தே வந்திருக்கிறாள். பெரிய கிளாக்கர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"என்னம்மா? லீவு எப்பவோ பாஸாயிருச்சே. வேற என்னா வேணும்?"

"ஒண்ணும் வேணாங்க. நீங்க கேக்கல. நாந்தான் காட்டலாம்னு கொண்டாந்தேன்."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். வெளியே ஜீப் சத்தம் ஏதும் இல்லை. தொரை அன்று தோட்டத்திலேயே இல்லை. பெரிய கிளாக்கர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். நாற்காலியில் விரித்திருந்த கைக்குட்டையை எடுத்து மேசையைத் துடைத்து இடம் பண்ணினார். யோகம் பிள்ளையை அதில் படுக்கவைத்தாள். அது வழக்கம்போலத் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார், எழுப்பச் சொல்லவில்லை.